ஆட்ட இரவில் விழித்திருப்போர்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர், தொண்டர் கூட்டத்தில் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை)



பொன்விழாக் கூட்டங்களில் கோவில் எழும்பிய வரலாற்றையும், நம் முன்னோர் பட்ட பாட்டையும் எடுத்துரைப்பது முறை. அவற்றை நமக்கு முன் பேசிய பெரியோர் நிறைவாகவே கூறிவிட்டனர். நமக்குத் தரப்பட்ட தலைப்பு "அவசர உதவிப் பணி" என்பது. இளைஞர் மன்றத்தினர் இத்தலைப்பைக் கொண்டுவந்தபோது, "கால்பந்து இரவில்" என்ற இரு சொற்களையும் அதனோடு சேர்த்துக்கொள்ள விரும்பினோம். காரணம் உங்களுள் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். விளங்காத சிறுவர்களுக்காகவும், அன்று ஊரில் இல்லாதவர்களுக்காகவும் அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2022 டிசம்பர் 18, திருவருகைக் காலத்து நான்காம் ஞாயிறு. காலையில் திருப்பலி முடிந்ததும் குடில் வேலை நடந்தது. இரவு எட்டரை மணிக்குக் கத்தார் நாட்டு லுசைல் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதின. நம் கடற்கரையில் கால்பந்து என்றால் சொல்ல வேண்டுவதில்லை. கோவில் வளாகத்தில் பெரிய திரை கட்டினோம். ஒலிபெருக்கிக்கு யார், நாற்காலிக்கு யார், சுக்குக் காப்பிக்கு யார் என்று பங்கு இல்லத்தில் கூடியிருந்து பிரித்துக் கொடுத்தோம். ஒருவருக்கு உடம்புக்கு முடியாமற்போனால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய முதல் ஆள் உங்கள் பங்குத்தந்தை. அவரும் கேட்கவில்லை.

ஆட்டம் எப்படிப் போயிற்று என்பது உங்களுக்கு மனப்பாடம். அர்ஜென்டினா இரண்டு கோல் போட்டு முன்னணியில் இருந்தது. எண்பதாம் நிமிடத்தில் எம்பாப்பே பெனால்டியில் ஒன்று போட்டார். கூச்சல் அடங்குமுன் மற்றொன்றும் போட்டார். இரவு பத்து மணியைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் நம் பங்கைச் சேர்ந்த மீனவர் ஒருவர், ஐம்பத்தெட்டு வயதினர், அர்ஜென்டினாவின் பெரிய அபிமானி, நாற்காலியில் இருந்தவாறே முன்னால் சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோல் விழுந்த துக்கத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார் என்று நினைத்தார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, அவரை அறிந்த எவரும் அப்படியே நினைத்திருப்பர். சுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டு வந்த பெண்மணி ஒருவர்தாம் தோளைத் தட்டிப் பார்த்துவிட்டு அலறினார். அவர் சாய்ந்ததற்கும் இந்த அலறலுக்கும் இடையே எத்தனை நிமிடம் சென்றது என்பதை இன்றுவரை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

பிறகு நடந்தது இன்னும் வருத்தம் தருவது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்ற முயன்றார். சிலர் உள்ளங்கையையும் காலையும் தேய்த்தனர். சுற்றிலும் நூறு பேர் நின்று காற்றை மறைத்தனர். 108 வண்டி விரைவாகவே வந்தது; ஆனால் தெருமுனையோடு நின்றது. அங்கிருந்து கோவில் வாசல் வரை நம் இரு சக்கர வாகனங்கள் வரிசை பிடித்து நின்றன. சாவிகள் சட்டைப் பைகளிலும், சட்டைக்காரர்கள் திரைக்கு முன்னாலும் இருந்தார்கள். கோவில் பெஞ்சு ஒன்றில் அவரைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனோம். வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞர், எவரையும் கடிந்துகொள்ளவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்: "நெஞ்சை யாராவது அழுத்தினீங்களா?"

ஒருவரும் அழுத்தவில்லை. அவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் இறந்துவிட்டார். அர்ஜென்டினா வென்ற செய்தியை அவர் கேட்கவில்லை.

அவருடைய துணைவியார் இதோ இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவைப் பெற்றே இதைப் பேசுகிறோம். அந்த உதவியாளரின் கேள்விக்கு இந்தப் பங்கு இன்னும் விடை சொல்லவில்லை. அதற்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு கேள்வி எழலாம். அவர் அன்று அந்த நேரத்தில் இறந்தது விதிவசமா? ஆட்டத்துக்கும் அதற்கும் தொடர்புண்டா? இதை ஜெர்மனியில் மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு உலகக் கோப்பை அந்நாட்டில் நடந்தது. மியூனிக் நகரிலும் சுற்றுப்புறத்திலும் அவசர மருத்துவர்கள் கவனித்த 4,279 இதய நோயாளரின் விவரங்களை எடுத்து, ஜெர்மனி ஆடிய நாட்களையும் மற்ற நாட்களையும் ஒப்பிட்டனர். 2008-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. தங்கள் நாடு ஆடிய நாட்களில் இதய அவசர நிலைகள் மற்ற நாட்களைப்போல் 2.66 மடங்கு ஆயின. ஆண்களுக்கு 3.26 மடங்கு, பெண்களுக்கு 1.82 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்திற்குள்தான் மிகுதி. இதயத் தமனி நோயால் அன்று பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே அந்நோய் உள்ளவர்கள்.

இதை நாம் கவனிக்க வேண்டும். அடிபட்டும் மிதிபட்டும் வந்த கணக்கு அன்று இது. ஆட்டத்தைக் கண்டு மனம் பதைத்தவர்களின் இதயக் கணக்கு. எனவே ஆட்ட இரவில் அவசர உதவிக்காரரின் வேலை மைதானத்து வேலியோடு முடிவதில்லை. வீட்டு முற்றம் வரை, காப்பிக்கடை பெஞ்சு வரை, நம் கோவில் திரை வரை நீள்கிறது. ஊரே ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 108 வண்டியின் ஓட்டுநரும் (அவரைப் 'பைலட்' என்று அழைப்பது அவர்கள் வழக்கம்), உதவியாளரும், தொலைபேசியில் அழைப்பு எடுப்பவரும், தீயணைப்பு நிலையத்தில் காலணியைக் கழற்றாமல் இருப்பவரும், அவசரப் பிரிவுச் செவிலியரும் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை கோல் என்பதை அவர்கள் நோயாளியின் உறவினர் வாயிலாகவே அறிகிறார்கள்.

இவர்களுக்கு நாம் நன்றி கூறினால் மட்டும் போதுமா? போதாது. நம்மிடமிருந்து அவர்களுக்கு வேண்டியவை மூன்று: கண், கை, வழி.

முதலாவது, கண். 2021 ஜூன் 12 அன்று மாலை, டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகன் நகரில் பார்க்கன் மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம்; டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடின. இடைவேளைக்குச் சற்று முன்பு கிறிஸ்டியன் எரிக்சன் என்ற டென்மார்க் வீரர், எவரும் மோதாமலே கீழே சாய்ந்தார். வயது 29. நடுவர் ஆண்டனி டெய்லர் கண்டார். ஆட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரை அழைத்தார். அணித் தலைவர் சைமன் கியார் ஓடிவந்து கவனித்தார். அணி மருத்துவர் மார்ட்டன் போசன் பின்னர் கூறியதைக் கேட்டால் வியப்பாய் இருக்கும். அவர் விழுந்ததைத் தாம் நேரில் பார்க்கவில்லை என்றும், தாம் சென்றடைந்தபோது மூச்சும் நாடியும் இருந்தன என்றும், சற்று நேரத்தில் அந்நிலை மாறிவிட்டது என்றும் அவர் சொன்னார். மருத்துவர் பார்க்கவில்லை, மற்றவர் பார்த்து அழைத்தனர். அந்தப் பார்வையால்தான் இதயம் நின்ற நேரத்தில் மருத்துவர் பக்கத்தில் இருந்தார். பலமுறை நெஞ்சை அழுத்தினர்; டிஃபிப்ரிலேட்டர் என்னும் கருவியால் ஒரே ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தனர்; இதயம் திரும்பிற்று. அருகிலிருந்த பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். அந்த எரிக்சன் மார்பில் ஒரு சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு 2022-இல் மீண்டும் களம் இறங்கினார். 2024-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் தம் நாட்டுக்காக ஒரு கோலும் போட்டார்.

அங்கே விழுந்தவரைக் கண்டார்கள்; இங்கே சாய்ந்தவரைக் கண்டும் சிரித்தோம். கண்ணிருந்தால் போதாது, அது திரையைவிட்டுத் திரும்ப வேண்டும். நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனை மூவருமே கண்டார்கள் அல்லவா? கண்டும் விலகிப் போனவர்களில் முதல்வர் ஒரு குரு என்பதை, இந்த அங்கியை அணிந்திருக்கும் நாம் மறப்பதற்கில்லை.

இரண்டாவது, கை. இதயம் நின்றால் மூளைக்கு இரத்தம் போகாது. நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். நெஞ்சை அழுத்தாமலும் மின்னதிர்ச்சி கொடுக்காமலும் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது என்பர் மருத்துவர். எவ்வளவு விரைவாக வந்தாலும் 108 வண்டிக்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களுக்கு உரியவர் பக்கத்து நாற்காலிக்காரரே. அவர் கை சும்மா இருந்தால், பின்னால் வரும் மருத்துவருக்குச் செய்வதற்கு அதிகம் மீந்திராது.

2012 மார்ச் 17 அன்று இலண்டனில் டாட்டன்ஹாம், போல்ட்டன் அணிகள் ஆடிய ஆட்டத்தில், ஃபாப்ரிஸ் முவாம்பா என்ற இருபத்து மூன்று வயது வீரர் விழுந்தார். பார்வையாளர் வரிசையில் ஆண்ட்ரூ டீனர் என்ற இதய மருத்துவர் இருந்தார். அன்று அவருக்கு அங்கே பணியில்லை. ஆட்டம் பார்க்க வந்தவர். எழுந்தார், இறங்கினார், களத்தில் இருந்த குழுவோடு சேர்ந்துகொண்டார். முவாம்பாவின் இதயம் 78 நிமிடங்கள் தானாக இயங்கவில்லை. பதினைந்து முறை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அத்தனை நேரமும் கைகள் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. அவர் பிழைத்தார். பிறகு ஆட்டத்தை விட்டுவிட நேர்ந்தது. ஆனால் தம் பிள்ளைகளோடு வாழ்கிறார்.

எல்லோரும் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், கேமரூன் நாட்டு வீரர் மார்க் விவியன் ஃபோ களத்தில் விழுந்தார். மருத்துவர் முயன்றும் மீளவில்லை. ஆகவே, "நெஞ்சை அழுத்தியிருந்தால் நம்மவர் நிச்சயம் பிழைத்திருப்பார்" என்று நாம் சொல்லவில்லை. அதை அறிந்தவர் ஆண்டவர் ஒருவரே. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வாய்ப்பு நம் அறியாமையால் கிடைக்காமற் போயிற்று என்பதை மட்டும் சொல்கிறோம்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. ஒருவர் சாய்ந்தால் தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். விட்டுவிட்டு இழுக்கும் திணறலை மூச்சு என்று எண்ணி ஏமாறலாகாது. மல்லாக்கத் தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் பலமாக அழுத்த வேண்டும்: இரண்டு அங்குல ஆழம், நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை. ஒவ்வோர் அழுத்தலுக்குப் பின்னும் நெஞ்சு மேலெழ விட வேண்டும். களைத்தால் அடுத்தவர் மாற வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. வலை இழுக்கத் தெரிந்த கைகளுக்கு இது பெரிய காரியமா? தண்ணீர் தெளிப்பதும் சோடா ஊற்றுவதும் அன்போடு செய்தவையே. ஆனால் நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றுவது ஆபத்து. அன்புக்கும் பயிற்சி வேண்டும்.

மூன்றாவது, வழி. இது பலருக்கு அற்பமாகத் தோன்றும். பல உயிர்கள் போனது இதனால்தான். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானம். அது பகல் ஆட்டம். கம்பிவேலி அடைப்புக்குள் கூட்டம் நெரிந்தது. அதனால் இறந்தோர் பின்னாளில் இறந்தவரையும் சேர்த்து 97 பேர். மைதானத்துக்கு வந்த ஆம்புலன்ஸ்களில் மிகச் சிலவே உள்ளே ஆடுகளம் வரை வந்தன. இரசிகர்களே விளம்பரப் பலகைகளைப் பெயர்த்தெடுத்து, அவற்றில் காயம்பட்டோரைத் தூக்கிக்கொண்டு ஓடினர். 2012-இல் வெளியான சுயேச்சைக் குழுவின் அறிக்கை, தக்க உதவி உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு என்று கூறிற்று. விளம்பரப் பலகையைப் பற்றிப் படித்தபோது நம் கோவில் பெஞ்சு நினைவுக்கு வந்தது. 2022 அக்டோபர் 1 இரவு இந்தோனேசியாவின் மலாங் அருகே கஞ்சுருஹான் மைதானத்தில், ஆட்டம் முடிந்தபின் காவலர் கண்ணீர்ப்புகை வீச, மக்கள் குறுகிய வாயில்களை நோக்கி ஓடி நெரிந்து 135 பேர் மாண்டனர். முதல் இடத்தில் உதவி உள்ளே வர வழியில்லை. இரண்டாம் இடத்தில் மக்கள் வெளியே போக வழியில்லை. அவை ஆயிரக்கணக்கானோர் கூடிய இடங்கள் அல்லவா, நமக்கும் அவற்றுக்கும் என்ன என்று எண்ணலாகாது. நம் தெருவை அடைக்க முப்பது மோட்டார் சைக்கிள்களே போதுமாயிருந்தன.

அன்பர்களே, இவற்றையெல்லாம் பேசிக் கைதட்டிக் கலைந்து போவதற்காக இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. பங்குப் பேரவை மூன்று தீர்மானங்களைச் செய்திருக்கிறது. விழா மேடையில் அவற்றை அறிவிக்கிறோம்.

ஒன்று: இனிக் கோவில் வளாகத்தில் ஆட்டமோ நாடகமோ திருவிழாவோ, கூட்டம் கூடும் எந்த இரவிலும், திரைக்கும் மேடைக்கும் முதுகைக் காட்டி, மக்களைப் பார்த்து நிற்கும் தொண்டர் நால்வர் இருப்பர். இது தண்டனையன்று, மரியாதை. முறைவைத்து எல்லோரும் நிற்போம். அந்த முறையில் பங்குத்தந்தைக்கும் ஓர் இரவு உண்டு.

இரண்டு: தெருமுனையிலிருந்து கோவில் வாசல் வரை பத்தடி அகலத்துக்கு வெள்ளைக் கோடு போட்டாயிற்று. அந்தக் கோட்டுக்குள் எவர் வண்டியும் நிற்கலாகாது. பங்கு இல்லத்து வண்டியும் நிற்காது. தெருமுனையில் ஒரு தொண்டர் நின்று, வரும் வண்டிக்கு வழிகாட்டுவார்.

மூன்று: மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின், நம் பங்கைச் சேர்ந்த செவிலியர் இருவர் பள்ளிக்கூடத்தில் நெஞ்சை அழுத்தும் முறையைக் கற்றுத்தருவர். பொம்மை ஒன்று வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கு ஒருவரேனும் வர வேண்டும். நெஞ்சுவலியோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆட்ட நாளில் மாத்திரையைத் தவறவிடாதிருக்க வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். "கோல் போட்டபிறகு சாப்பிடுகிறேன்" என்ற பேச்சு வேண்டாம்.

இவற்றோடு ஒரு சொந்த வேண்டுகோள். வண்டி வரத் தாமதமானால் அதன் ஓட்டுநர்மீதும் உதவியாளர்மீதும் பாய்வது நம் பக்கத்தில் ஒரு பழக்கமாகி வருகிறது. அந்த இரவில் நம் வீட்டுக்கு முன் அவர்கள் எத்தனை வீட்டுக்குப் போய்வந்தார்களோ, எவருடைய கையைப் பிடித்திருந்தார்களோ, நமக்குத் தெரியாது. ஒரு குவளை காப்பியைக் கையில் கொடுத்து, "சாப்பிட்டீர்களா தம்பி?" என்று கேட்கும் பங்காக நாம் இருப்போம்.

சென்ற ஞாயிறு முதல் வகுப்புக்குப் பெயர் பதிந்தார்கள். நாற்பத்தொரு பேர் பதிந்திருக்கிறார்கள். பட்டியலின் தலைப்பில் இருக்கும் பெயர் யாருடையது என்று பார்த்தோம். அன்று நாற்காலியில் சாய்ந்தாரே, அவருடைய மகன். தந்தைக்குச் செய்ய இயலாததை அடுத்தவருக்குச் செய்யக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறான்.

ஐம்பது ஆண்டுகளாக இக்கோவில் மணி நம்மைச் செபத்துக்கு எழுப்பி வந்திருக்கிறது. இனி அடுத்தவருக்காக விழித்திருக்கவும் அது நம்மை எழுப்புவதாக. அடுத்த ஆட்ட இரவில் அந்த இளைஞர் நம் தெருவுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டால், "அழுத்திக்கொண்டிருக்கிறோம், வாருங்கள், வழி திறந்திருக்கிறது" என்று சொல்லும் நிலையில் நாம் இருப்போமாக.